உப்பளச் சாலையில் முதல் மழை

மகள் போன பிறகுதான் நான் ஓணானையும் தவளையையும் நின்று பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன்னால் அவை எனக்கு வீட்டு மூலையிலிருந்து துடைப்பத்தால் தள்ளிவிடுகிற சங்கதிகள், அவ்வளவுதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் அலுவலகம் ஒன்றில் வாழ்நாள் முழுக்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழை பெய்தால் சரக்கு நனையும், கப்பல் ஒரு நாள் கூடுதலாக நிற்கும். மழையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

மகள் அப்படி இல்லை. சின்ன வயதில் எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு மரத்தவளை வந்து ஒட்டிக்கொண்டது. அதை விரட்டக் கூடாது என்று அழுது அடம்பிடித்தாள். என் மனைவி நாசரேத்துக்காரி, மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், வீட்டில் ஒரு எறும்பு ஊர்ந்தாலும் பொறுக்காதவள். அவளே கடைசியில் அந்தத் தவளை இருக்கும்போதே குளித்துவிட்டு வரப் பழகிக்கொண்டாள். "அது என்னையே பாக்குது" என்று மட்டும் புலம்புவாள்.

வளர்ந்து, வேதியியல் படித்து, உப்பு கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் மகள் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய்விடுவாள். எங்கே என்று கேட்டால், "ஓணான் பாக்கப் போறேன்பா" என்பாள். வெயிலில் கறுத்துப் போய்த் திரும்பி வருவாள். யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஒருமுறை கூட நான் அவளோடு போனதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசியில் முதல் மழை பெய்த சாயங்காலம், வேலை முடிந்து வரும் வழியில், லாரி மோதி அவள் இறந்தாள்.

உப்பளங்கள் முடிந்து முள் அடர்ந்த உடைமரக் காடு தொடங்கும் இடத்தில் அந்தச் சாலை லேசாக வளையும். அங்கேதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அன்று நடந்ததில் எனக்கு ஒழுங்காக நினைவிருப்பது சப்-இன்ஸ்பெக்டர் சொன்ன சில விவரங்கள். அவளுடைய ஸ்கூட்டர் சாலையோரமாக ஸ்டாண்டு போட்டு நின்றது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. போன் வண்டி டிக்கிக்குள் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. அவள் மட்டும் நடுச் சாலையில் இருந்திருக்கிறாள். துப்பட்டாவை வலது கையில் இறுக்கமாகச் சுற்றியிருந்தாள்.

லாரி ஓட்டியவர் என் வயதுக்காரர். போலீஸ் நிலைய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மழையில ஒண்ணும் தெரியல சார். நடு ரோட்டுல ஒரு உருவம் தெரிஞ்சுது. பிரேக் போட்டேன், வண்டி நிக்கல சார்."

சப்-இன்ஸ்பெக்டர் தன்மையான மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: "வீட்ல ஏதும் பிரச்சினையா சார்? கல்யாண விஷயம், அந்த மாதிரி?"

இல்லை என்றேன். ஆனால் என் பக்கத்தில் நின்ற மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் சாத்தான்குளத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம். மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு மூன்று நாள் விடாமல் கேட்டாள். மகள், "யோசிச்சிச் சொல்லுதேம்மா" என்றாளே தவிர பதில் சொல்லவில்லை. அன்று காலையில் கூட மனைவி கேட்டாள். மகள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டத்தில், அடுப்படிப் பக்கம் உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி இன்னொருத்தியிடம் பேசியதை என் மனைவி கேட்டுவிட்டாள். "வண்டிய ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டக் கழட்டி மாட்டிட்டு, நடு ரோட்டுல போய் நின்னிருக்கா. இதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணு யாருக்கோ காத்து நின்னிருக்கணும். இல்லன்னா அவளாத்தான் போய் நின்னிருக்கணும்."

மனைவி இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதன் பிறகு சொல்லவில்லை. மகளின் அறையைப் பூட்டினாள். கோவிலுக்குப் போனாள், ஆனால் எப்போதும் உட்காரும் முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இருவரும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகச் சுமந்தோம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டவில்லை. பாட்டுப் பாடி வருகிற வாலிபர்கள் எங்கள் தெருவுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்து போனார்கள். பண்டிகைக் காலையில் மனைவி ஆராதனைக்குப் போனாள். என்னால் போக முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் அந்த வளைவில் போய் நின்றேன்.

எதற்குப் போனேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. சாலையில் ஒரு அடையாளமும் இல்லை. மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது. ஒரு பக்கம் உடைமரங்கள், இன்னொரு பக்கம் தாழ்வான நிலத்தில் தேங்கிய மழைத் தண்ணீர். அதன் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, தண்ணீரின் அடியில் கறுப்பாக எள்ளைக் கொட்டியதுபோல் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. தவளைக் குஞ்சுகள்.

மறுநாளும் போனேன். அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. மனைவியிடம் நடக்கப் போகிறேன் என்று சொல்வேன். தை மாதம் பிறந்து மழை நின்றதும், அந்தத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்வாங்கியது. ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. குஞ்சுகளுக்கு முதலில் பின்னங்கால் வந்தது, பிறகு முன்னங்கால். நான் தண்ணீரைப் பார்ப்பேன், கால்களைப் பார்ப்பேன். எது முந்தும் என்று எனக்கே ஒரு பதைப்பு. வீட்டிலிருந்து ஒரு கேனில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். பெரிய குளத்துக்கு ஒரு டம்ளர் ஊற்றியது மாதிரிதான். சில குஞ்சுகள் வாலோடு தத்தித் தத்திக் கரையேறி, புல்லுக்குள் போய் மறைந்தன. பெரும்பாலானவை ஏறவில்லை. ஒரு காலையில் நான் போனபோது சேறு வெடித்திருந்தது, கொக்குகள் நின்று கொத்திக்கொண்டிருந்தன. நான் கொக்குகளை விரட்டவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், வெயில் இறங்கும் வரை கட்டிலில் கிடந்தேன். காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாசிக் கடைசியில் ஒரு கல்யாண வீட்டுக்காகப் புன்னைக்காயல் போனேன். விருந்து முடிந்து கடற்கரைக்கு நடந்தேன். மணலில் ஒரு பெரிய ஆமை கவிழ்ந்து கிடந்தது. காகங்கள் ஏற்கெனவே கண்ணை எடுத்திருந்தன. வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பங்குனி ஆமைன்னு சொல்லுவோம் அண்ணாச்சி. முட்டை போட வந்திருக்கும். வலையில சிக்கி மூச்சு முட்டியிருக்கும் பாவம்."

"பொட்டை ஆமையா?"

"கரைக்கு வாரது பொட்டைதான. ஆம்பள ஆமை பொறந்து கடலுக்குள்ள போச்சுன்னா திரும்பி மண்ண மிதிக்காதுன்னு சொல்லுவாவ."

கொஞ்சம் தள்ளி, இன்னொரு ஆமை வந்து போன தடம் மணலில் தெளிவாக இருந்தது. டிராக்டர் சக்கரம் பதிந்தது மாதிரி ஏறி, ஒரு இடத்தில் மண்ணைக் கிளறி மூடிவிட்டு, மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தது. செத்த ஆமையையும் உயிரோடு திரும்பிய ஆமையின் தடத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடிந்தது. இதை வீட்டில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். மனைவி கதவைத் திறந்ததும், கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

சித்திரை, வைகாசியில் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். உப்பை அம்பாரமாகக் குவித்துவைத்திருப்பார்கள். காலை வெயில் ஏறும் முன்பே போய்விடுவேன். ஒரு நாள், சாலையோரக் கல் ஒன்றின் மேல் விரல் நீளமுள்ள ஒரு ஓணான் ஏறி நின்றது. பார்க்க ஒன்றுமில்லாத மண் நிறம். திடீரென்று கழுத்தடியிலிருந்து வெள்ளையாக ஒரு விசிறியை விரித்தது. நடுவில் நீலக் கோடு. விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. அடுத்த கல்லில் இன்னொரு ஆண் ஓணான் ஏறிக்கொண்டு அதுவும் விரித்தது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, தேர்தல் மேடையில் துண்டை உதறுகிற ஆட்கள் மாதிரி விசிறிகளை உதறிக்கொண்டிருந்தன. பெண் ஓணான் கீழே மண்ணில் எறும்பைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது, இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மகள் இறந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் பார்த்துவிட்டார்களோ என்று. அவள் அடிபட்டுக் கிடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறேன். இதைத்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்க வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட ஒரு தடவை வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். மண் பறந்து வந்து முகத்தில் அறையும். ஓணான்கள் விசிறியை விரிப்பதை நிறுத்திவிட்டன. ஒரு காலையில் காய்ந்த பனையோலை ஒன்றைக் காலால் தள்ளினேன். உள்ளே யாரோ உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல் சத்தம் வந்தது. சுருட்டை விரியன். உடம்பை வளைத்து, செதிலோடு செதிலை உரசிக்கொண்டு என்னையே பார்த்தது. சின்னப் பாம்புதான், கடித்தால் ஆளை முடித்துவிடும். நான் துள்ளிப் பின்னால் போய் விழுந்தேன். எழுந்து மண்ணைத் தட்டினேன். இவ்வளவு பயப்படுகிறேனே, இன்னும் உயிரோடு இருக்க ஆசைப்படுகிறேனே என்று எனக்கு என்னைக் குறித்தே துக்கமாக இருந்தது.

ஆவணி, புரட்டாசியில் ஒன்றுமே இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. சில நாள் ஒரு அரணையாவது ஓடும். மற்ற நாட்களில் வெறும் தரையைப் பார்த்துவிட்டு வருவேன். தவளைகளெல்லாம் செத்துப்போயின என்றே நினைத்தேன். மண்ணுக்கடியில் புதைந்து, மூச்சை அடக்கி, மழைக்காகக் கிடக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறு ஐப்பசி வந்தது. வருஷ நினைவு ஆராதனை முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழை. மனைவி ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பைக்கை எடுத்தேன்.

வளைவுக்கு வரும்போது மழை கொஞ்சம் தணிந்திருந்தது, வெளிச்சம் மிச்சம் இருந்தது. தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. மாடு கத்துகிற மாதிரி, கனமாக, நூறு தொண்டையிலிருந்து. தேங்கிய தண்ணீரில் எலுமிச்சம்பழ மஞ்சளில் தவளைகள் குதித்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு மஞ்சளை நான் எந்தப் பிராணியிலும் பார்த்ததில்லை. உடைமரக் காட்டுப் பக்கமிருந்து இன்னும் தவளைகள் வந்துகொண்டிருந்தன, பழுப்பு நிறத்தில், கொழுத்தவை. அந்தத் தண்ணீருக்குப் போக அவை சாலையைக் கடந்தாக வேண்டும். சாலையில் ஏற்கெனவே பல நசுங்கிக் கிடந்தன. மழை பெய்த தாரின் சூடு இதமாக இருந்ததோ என்னவோ, சில நடுச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டன.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். ஒரு பெரிய தவளை நடுக்கோட்டில் உட்கார்ந்து தொண்டையை ஆட்டிக்கொண்டிருந்தது. போய்க் குனிந்தேன்.

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எப்படித் தாவினேன் என்று தெரியவில்லை. லாரி என் சட்டையை உரசிக்கொண்டு போனது. "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலையாலே?" என்று கிளீனர் கத்தியது மழையில் தேய்ந்து மறைந்தது.

ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அப்போது என் வண்டியைப் பார்த்தேன். ஸ்டாண்டு போட்டு நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. போன் வண்டியின் பக்கப் பெட்டிக்குள் இருந்தது. நான் நடுச் சாலையில் நின்றிருந்தேன்.

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தபடி அழுதேன். தவளைகள் என்னைப் பொருட்படுத்தாமல் கடந்துகொண்டிருந்தன.

வீட்டுக்குப் போய், ஈரத் துணியோடே மனைவியை எழுப்பினேன். "ஏளா, எந்திரி. நம்ம பிள்ள யாருக்கும் காத்து நிக்கல. அவளாப் போயும் நிக்கல." நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு வருஷமாக நான் எங்கே போய்வந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கடைசி வரை அசையாமல் கேட்டாள்.

"அப்ப துப்பட்டா?" என்றாள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"தவளைய எடுக்கதுக்கு யாராவது கையில துணி சுத்துவாவளா? அவ சின்னதுல பாத்ரூம்ல வெறுங்கையாலதான எடுப்பா. கைய எதுக்குச் சுத்தினா? மனச ஆறுதல் பண்ணிக்கிடுததுக்காக நீங்களா ஒண்ணச் சொல்லாதீய." அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மகளோடு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி இருந்தாள். ஏரலில் விவசாயக் குடும்பத்துப் பெண். மகள் இறந்த சமயம் பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். பிறகு கைக்குழந்தையோடு வந்து அழுதுவிட்டுப் போனாள், வேலைக்குத் திரும்பவில்லை. அவளிடம் கேட்போம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் காலையில் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

ஏரலில் அந்தப் பெண்ணின் வீட்டைச் சுற்றி நடவு முடிந்த வயல்கள். எங்களைப் பார்த்ததும், "வாங்கம்மா, வாங்கப்பா" என்று பதறிக்கொண்டு வந்தாள். அவள் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தது. காப்பி கொண்டுவந்து வைத்தாள். மனைவி அதைத் தொடாமல் கேட்டாள்.

"அவ தவளை எடுக்கும்போது நீ கூட இருந்திருக்கியாம்மா?"

"எத்தனையோ தடவை இருந்திருக்கேன். மழைன்னா அந்த வளைவுல வண்டிய நிறுத்திருவா. நான் ஓரத்துல நின்னு, லாரி வருது லாரி வருதுன்னு கத்துவேன்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

"எப்படி எடுப்பா?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "எப்படின்னா... கையாலதான். ஆனா வெறுங்கையால தொட மாட்டா. துப்பட்டாவ மழத் தண்ணியில நனச்சி, கையில நல்லா இறுக்கிச் சுத்திக்கிட்டுதான் எடுப்பா. எங்க கை நாள் பூரா உப்புலயே கெடக்கும்லாம்மா. எத்தன தடவை கழுவுனாலும் வெரல் இடுக்குல நிக்கும். தவளை தோல் வழியாத்தான் தண்ணி குடிக்குமாம், உப்புக் கை பட்டா அதுக்கு எரியும்னு சொல்லுவா. நான்கூடக் கேலி பண்ணுவேன்."

"எந்தக் கையில சுத்துவா?"

"வலது கையில."

மனைவி தலையை ஆட்டினாள். மறுபடி மறுபடி ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதற்காக இதையெல்லாம் கேட்கிறோம் என்று அந்தப் பெண் கேட்டாள். ஊர் பேசியதையும், சாத்தான்குளத்து வரனையும், தான் விடாமல் வற்புறுத்தியதையும் மனைவி சொன்னாள். ஒரு வருஷமாக என்னிடம் சொல்லாததை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள். "நான் நெருக்குனதாலதான் அவ போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேம்மா."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இல்லம்மா! அந்த மாப்பிள்ளையப் பத்தி எனக்குப் போன் பண்ணிச் சொன்னாளே. போட்டோல நல்லாத்தான் இருக்கான், பாம்பப் பாத்தா கம்பத் தூக்குத ஆளான்னு மட்டும் ஒரு வார்த்தை கேக்கணும், இல்லன்னு சொன்னா, நானும் சரின்னு சொல்லப் போறேன்னு சிரிச்சா. அம்மாவக் கொஞ்சம் காக்க வைப்போம்னா. அவ்வளவுதாம்மா."

குழந்தை தடுமாறி வந்து மனைவியின் முழங்காலைப் பிடித்தது. அவள் அதன் தலையில் கையை வைத்தாள். அங்கே அவள் அழவில்லை. திரும்பி வரும்போது, தாமிரபரணிப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும், வாய்விட்டு அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடத்துனர் எங்கள் பக்கம் வந்தவர், ஒன்றும் கேட்காமல் முன்னால் போய்விட்டார்.

உண்மை தெரிந்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. அதுவரை, எங்களை வேண்டாம் என்று விட்டுப்போன மகளுக்காக அழுதோம். இப்போது, எங்களோடு இருந்திருக்க வேண்டிய, இருக்க விரும்பிய மகளுக்காக அழ வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, மருமகன், பாம்பைப் பற்றி அவனிடம் அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, எல்லாம் சேர்ந்து செத்தன. மனைவிக்குக் கோபமும் வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று, "ஒரு தவளைக்கு! நம்ம பிள்ள ஒரு தவளைக்காகப் போயிருக்காளே!" என்பாள்.

ஆனால் கோவிலில் மறுபடி முன்வரிசைக்குப் போனாள். பெண்கள் கூட்டத்தில் ஒரு நாள் எழுந்து நின்று, தன் மகள் எப்படி இறந்தாள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஒருத்தி சிரிச்சிட்டா. தவளைன்னதும் சிரிப்ப அடக்க முடியல அவளுக்கு" என்றாள். "சிரிக்கட்டும். அந்தப் பேச்சுக்கு இது மேலு."

இந்த வருஷம் மழை பிந்திவிட்டது. ஐப்பசி முடியப் போகிற நேரத்தில்தான் ஒரு சாயங்காலம் கொட்டியது. நான் சட்டை மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "நானும் வாரேன்" என்றாள் மனைவி. குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டாள். வளைவில் வண்டியை நிறுத்தியதும், சாலையோரமாக நின்று, வருகிற வண்டிகளுக்கு டார்ச்சை ஆட்டினாள். தவளைகளை அவள் பார்க்கவே இல்லை. சாலையைத்தான் பார்த்தாள். நான் ஒரு வாளியில் பொறுக்கிப் பொறுக்கித் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். சில லாரிகள் வேகத்தைக் குறைத்தன. பல குறைக்கவில்லை. ஒருவர் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, ஆக்சிடென்ட்டா?" என்று கேட்டார். "தவளை போகுது. கொஞ்சம் பாத்துப் போங்க தம்பி" என்றாள் மனைவி. அவர் அவளையும் என் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஓரம் கட்டி ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் காப்பாற்றியதைவிட நசுங்கியவை அதிகம்.

இருட்டும் முன் கிளம்பினோம். வரும் வழியில் டீக்கடையில் ஒதுங்கினோம். அவள் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அங்கன கத்துதது எல்லாம் ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆண்தான் கத்தும். பொட்டைத் தவளை கத்தாது. சத்தம் வாற எடத்தத் தேடி அது பாட்டுக்கு வரும்."

"ரோட்டக் கடந்து வந்ததுல குண்டா இருந்தது எல்லாம்?"

"வயிறு நெறைய முட்டையோட வாரது. பொட்டைதான்."

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப நம்ம பிள்ள குனிஞ்சதும் அந்த மாதிரி ஒண்ணுக்காத்தான் இருக்கும்" என்றாள். மழை மறுபடி வலுத்தது. கடைக்காரர் தார்ப்பாயை இறக்கிவிட்டு, உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. இன்னொரு டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள்.